ஒரே மலை, இரண்டு படங்கள்: நரயாமா 1958-ஆ, 1983-ஆ?

எழுபது வயதானால் மலைக்குப் போக வேண்டும், போனால் திரும்பி வரக்கூடாது. முதுகில் சுமந்துபோய் விட்டுவிட்டு வருவது மகனின் பொறுப்பு. ஜப்பானிய எழுத்தாளர் ஷிச்சிரோ ஃபுகாசாவா 1956-ல் எழுதிய நரயாமா கதையில் இதுதான் ஊர் வழக்கம். சாப்பாடு போதாத மலைக்கிராமம், ஒரு வாய் குறைந்தால் இன்னொரு வாய் பிழைக்கும். இந்தக் கதையை 1958-ல் கெய்சுகே கினோஷிதா எடுத்தார், 1983-ல் ஷோஹெய் இமாமுரா எடுத்தார். இரண்டில் எதைப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கினோஷிதாவின் படத்தில் பெரும்பாலும் நிஜ மலையே கிடையாது. ஸ்டுடியோவுக்குள் செட், பின்னால் வரைந்த வானம், காட்சி முடிந்ததும் திரை அப்படியே கீழே விழுந்து அடுத்த இடம் தெரிகிறது. ஜப்பானின் பழைய காபுகி நாடகம் போல, ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்ட, ஒருவர் கதையைப் பாடிக்கொண்டே போகிறார். கோபம் வந்தால் ஒளி சிவக்கிறது. முதல் பத்து நிமிஷம் ‘என்னடா இது, நாடகத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்’ என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்புறம் கிழவி ஒரினாக வரும் கினுயோ தனாகாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரினுக்கு இந்த வயதிலும் பல் முழுசாக இருக்கிறது. பஞ்சத்தில் வாழும் ஊரில் கிழவிக்குப் பல் இருந்தால் அவமானம், இன்னும் தின்கிறாள் என்றல்லவா அர்த்தம்! பாட்டிக்கு 33 பல் என்று பேரனே கேலிப்பாட்டுப் பாடுகிறான். அவள் கல்லில் வாயை மோதித் தானே உடைத்துக்கொள்கிறாள். இரண்டு படங்களிலும் இந்தக் காட்சி உண்டு. இமாமுரா படத்தில் ஒரினாக நடித்தவர் சுமிகோ சகமோட்டோ, அவரும் தனாகாவும் நடிக்கும்போது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. சகமோட்டோவின் ஒரின் கெட்டிக்காரி, வீட்டையே கட்டியாளும் கிழவி. தனாகாவிடம் வேறொன்று இருக்கிறது: இரத்தம் வழியும் வாயோடு சிரிக்கும்போது, இனி யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்கிற ஒரு நிம்மதி. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

இமாமுரா நேர் எதிர்ப்பக்கம். நாகானோ மாகாணத்து ஒத்தாரி மலைப்பகுதிக்கே போய்ப் படமெடுத்தார். பனி உருகினால் வயலில் ஒரு பச்சைக் குழந்தையின் பிணம் கிடக்கிறது. வளர்க்க வழியில்லாத ஆண் குழந்தையை எறிந்துவிடுவார்கள், பெண் என்றால் விற்கலாம். பாம்பு எலியை விழுங்குகிறது, பூச்சிகள் புணர்கின்றன, பக்கத்திலேயே மனிதர்களும். ஃபுகாசாவாவின் இன்னொரு கதையிலிருந்து, நாற்றமடிக்கிறான் என்று எல்லோரும் ஒதுக்கும் இரண்டாவது மகன் ரிசுகேயையும் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். 130 நிமிடப் படம், கினோஷிதாவுடையது 98 தான். அந்தக் கூடுதல் அரை மணி எனக்குக் கொஞ்சம் கனமாகவே இருந்தது. விலங்குக் காட்சிகள் பாதி போதும், அர்த்தம் முதல் தடவையே புரிந்துவிடுகிறது.

ஆனால் பசி எப்படி மனிதரை மாற்றும் என்பதை இமாமுரா அளவுக்குக் கினோஷிதா காட்டவில்லை. தானியம் திருடிய குடும்பத்தை ஊரே சேர்ந்து குழிக்குள் உயிரோடு புதைக்கிறது. அந்த வீட்டுப் பெண் மாத்சு, ஒரினின் பேரனோடு வாழ்பவள், வயிற்றில் பிள்ளை. அன்றைக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைப்பது ஒரினேதான், என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே. தியாகத்தின் உருவமாக நாம் நினைத்துக்கொண்டிருந்த கிழவி இவள்தானா என்று அதிர்ந்துபோனேன். கினோஷிதாவின் ஒரினை இப்படிக் கற்பனை செய்யவே முடியாது.

சரி, மலையேற்றம். இமாமுரா இங்கே ஜெயிக்கிறார். மகனாக வரும் கென் ஒகாதா தாயை முதுகில் கட்டிக்கொண்டு ஏறிக்கொண்டே இருக்கிறார். மலையில் பேசக்கூடாது என்பது விதி, அதனால் மூச்சும் காலடியும்தான் கேட்கிறது. உச்சியில் எலும்புகள், காக்கைகள். செட்டில் கட்டிய மலையில் அந்த மூச்சிரைப்பு வராது. ஆனால் பனி விழுந்ததும், அது நல்ல சகுனம் என்பதால், மகன் விதியை மீறி ஓடிவந்து ‘அம்மா, பனி பெய்யுது’ என்று சொல்ல, அவள் போ போ என்று கையை மட்டும் அசைக்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில் நான் கினோஷிதா பக்கம். போலிப் பனிதான், தெரிகிறது, அழுகையும் வருகிறது.

விருதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 1983 படம் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியது. 1958 படம் வெனிஸ் திரைப்பட விழாவுக்குப் போனது, அந்த வருஷம் அங்கே முதல் பரிசான தங்கச் சிங்கத்தை வேறொரு ஜப்பானியப் படம் தட்டிக்கொண்டு போய்விட்டது. அதனாலேயோ என்னவோ நிறையப் பேர் இமாமுராவோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அது ஆதங்கம்தான்.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் கினோஷிதா. இரண்டும் என்றால் அதை முதலில் பாருங்கள், இமாமுராவின் குழியைப் பார்த்தபிறகு ஒரினைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. கினோஷிதா படத்தில் கதை முடிந்துவிட்டதென்று எழுந்துவிடாதீர்கள். கடைசியில் வண்ணம் போய்க் கறுப்பு வெள்ளையில் ஒரு நீராவி ரயில் ஸ்டேஷனுக்குள் வருகிறது. பெயர்ப்பலகையில் ‘ஒபாசுதே’, கிழவியைக் கைவிடுதல் என்று பொருள். நாகானோவில் அந்த ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது, ரயில் நின்று போகிறது.