தண்டையார்பேட்டை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ், 6 வாரம் போன அனுபவம்

திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல டாக்குமென்டேஷன் பாக்கறேன். நாள் பூரா போன்ல பார்ட்டிக்கு ஒரே பதில்தான், வண்டி கெளம்பிடுச்சா இல்லையான்னு. அங்கதான் மாட்டுவேன், "கன்டெய்னர் டிட் நாட் வென்ட் சார்"னு சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு செகண்ட் சத்தமே வராது, அது ரொம்ப கஷ்டமா இருக்கும். முன்னாடி வேற ஒரு எடத்துல பணம் கட்டினேன், கோ வென்ட் கான்னு ஒரு ஜெராக்ஸ் தாள குடுத்து மனப்பாடம் பண்ணிட்டு வாங்கன்னாங்க, கிளாஸே அவ்ளோதான்.

இங்க மிஸ் மொத நாளே போர்டுல தமிழ்ல எழுதினாங்க. போனேன், போகல. "போனேனல"ன்னு யாராச்சும் சொல்வீங்களான்னு கேட்டாங்க. போக, இல்ல ரெண்டும் ஒட்டினதுதான் போகல, அதுல போனேன் வரவே வராது. அதே மாதிரி டிட் வந்துட்டா நடந்து முடிஞ்சதுன்றத டிட்டே சொல்லிடுது, அதனால வென்ட் மறுபடி கோ ஆயிடும், டிட் நாட் கோ. இத்தன வருஷத்துல யாரும் எனக்கு இப்படி சொல்லித் தரல. ஆனா கேள்வி கேக்கறப்போ தமிழ நம்பாதீங்கன்னும் சொன்னாங்க, நாம "போனியா"ன்னுதான் கேப்போம், இங்கிலீஷ்ல அங்கயும் டிட் யூ கோதான்.

கோவுக்கு ஏன் வென்ட்னு ஒரு பொண்ணு கேட்டுது. வெண்டுன்னு போறதுக்கே இன்னொரு வார்த்தை இருந்துதாம், ஸ்பெண்டு ஸ்பென்ட் ஆகற மாதிரி வெண்டு வென்ட் ஆச்சு, கோவுக்கு பழைய இங்கிலீஷ்ல இருந்த சொந்த வார்த்தை வழக்கொழிஞ்சு போக இது வந்து ஒக்காந்துகிச்சு. நம்ம வா வந்தேன் ஆகறதும் சா செத்தான் ஆகறதும் வெளியூர்க்காரனுக்கு அப்படித்தானே இருக்கும்.

எனக்கு வேலைக்கு ஒதவினது உச்சரிப்பு. பேக்ட், சீல்டு, லோடட். எழுதறப்போ மூணுக்கும் கடைசி ரெண்டு எழுத்து ஒண்ணுதான், சத்தம் மட்டும் வேற வேற, லோடு மாதிரி d, t சத்தத்துல முடியற வார்த்தைக்குத்தான் அந்த 'இட்' வரும். நான் பேக்கட், சீலட்னே சொல்லிகினு இருந்தேன். கெட்டுக்கு (get) காட், காட்டன் (got, gotten) ரெண்டுல எது சரின்னும் கேட்டேன், அமெரிக்கால ஹேவ் கூட காட்டன் வரும், பிரிட்டிஷ்ல காட்தான், ரெண்டும் தப்பில்லன்னாங்க.

ரூம் சின்னது, ஜன்னல் ஒண்ணுதான், 14 பேர் ஒக்காந்தா புழுக்கம் தாங்கல. இன்னொரு ஃபேன் போட்டே ஆகணும். வாரக் கடைசி டெஸ்ட் பேப்பர திருத்தி தர லேட் ஆகுது.

ஃபீஸ் 1,800 ரூபா, ரெண்டு தவணையா வாங்கிக்கறாங்க. வேலைக்கு போறவங்க 7 மணி பேட்ச்ல சேருங்க, தண்டையார்பேட்டை மெட்ரோல எறங்கி நடந்துடலாம். ரோட்ல ட்ரெய்லர் நின்னு லேட்டா வந்தாலும் மிஸ் உள்ள விட்டு, விட்டுப்போன பாடத்தையும் சொல்லித் தராங்க.