செக் முறையா, மெல்லிய நீள லீடரா? தொய்வைப் பார்த்து மாறினேன்

நிம்ஃப், அதாவது தண்ணீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போலச் செய்த செயற்கை ஈ, போட்டு ட்ரவுட் மீன் பிடிப்பவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். செக் முறை என்றால் தடித்த தூண்டில் நூலை (லைன்) குட்டையாக விட்டு, கனமான நிம்ஃபைக் கிட்டத்திலேயே ஓடவிடுவது. மற்றதில் அந்த லைனுக்குப் பதிலாக மெல்லிய நைலான் நரம்பே (லீடர்) நீளமாகப் போகும். நான் பல வருடம் செக் முறையில் பிடித்துவிட்டு மெல்லிய நீள லீடருக்கு மாறியவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தக்கை கட்டிப் பிடிப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். மேல்தண்ணீர் வேகமாகவும் தரையோரத் தண்ணீர் மெதுவாகவும் ஓடும். தக்கை தன் வேகத்துக்கு நிம்ஃபையும் இழுத்துப் போகும். தள்ளி இருக்கும் நிதானமான மடுவுக்குச் சரி.

செக் முறை போன்ற குட்டை நரம்பு முறை ஒரே இடத்தில் பிறந்ததல்ல. கலிஃபோர்னியாவின் மேல் சாக்ரமென்டோ ஆற்றில் வின்டு பழங்குடியைச் சேர்ந்த டெட் டவென்டாலி, எடை கட்டிய ஈக்களைக் கம்புக்கு அருகிலேயே ஓடவிட்டுப் பிடித்தார். அவரிடமிருந்து டெட் ஃபே கற்றுப் பரப்பினார். ஐரோப்பாவில் போலந்துக்காரர்கள் தொடங்கினார்கள், செக்காரர்கள் பட்டை தீட்டினார்கள். 1989இல் ஃபின்லாந்தில் நடந்த ஈத்தூண்டில் உலகப் போட்டியில் போலந்தின் விளாதிஸ்வாவ் ட்ஷெபுன்யா வென்றார். போட்டி விதி நரம்பில் ஈயமோ தக்கையோ கட்டக் கூடாது என்கிறது. அதனால் எடை முழுவதும் நிம்ஃபுக்குள்ளேயே போயிற்று.

சரி, தொய்வுக்கு, அதாவது கம்பு நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே நூல் தொங்கி வளைவதற்கு, வருவோம். எடை வரிசையில் ஐந்தாம் எண் லைன் ஏறக்குறைய 1 மி.மீ. தடிமன். என் லீடர் 0.20 மி.மீ. ஒரே நீளத்துக்கு லீடரின் எடை இருபதில் ஒரு பங்குக்கு அருகில்தான் வரும். நாலு மீட்டர் லைன் காற்றில் தொங்கினால் வயிறு தள்ளி வளையும். அந்த எடை நிம்ஃபை நாம் நிற்கும் பக்கம் இழுக்கும், தரையை விட்டும் எழுப்பும். அதைச் சமாளிக்க இன்னும் கனமான நிம்ஃப் போடுவோம், அது கல்லில் போய் மாட்டும். செக் முறையில் மீனுக்கு அவ்வளவு பக்கத்தில் போய் நிற்க வேண்டியிருப்பதற்கே இந்தத் தொய்வுதான் காரணம் என்பேன். தெளிந்த தண்ணீரில் அப்படி நின்றால் மீன் ஓடிவிடும். பிரான்சிலும் ஸ்பெயினிலும் லீடரை நீட்டியது அதற்காகத்தான். நிம்ஃபின் தலையில் கோக்கும் டங்ஸ்டன் மணியும் கைகொடுத்தது: ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் இதற்கு 19.3. பொடி நிம்ஃபே தரைக்குப் போய்விடும்.

ஒரு மாலை, முழங்கால் ஆழ ஓட்டத்தில் 2.8 மி.மீ. மணி வைத்த ஒற்றை நிம்ஃபை ஓடவிட்டேன். சைட்டர், அதாவது லீடரில் கண்ணுக்குத் தெரிவதற்காகக் கட்டிய வண்ணத் துண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே சாய்ந்து நின்றபடி, பக்கத்தில் மிதந்த நுரையைவிட மெதுவாக வந்தது. நிம்ஃப் தரையோரத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம் சட்டென்று நின்றது. கல்லில் உரசினால் என் சைட்டர் மெல்ல இறுகும்; இது அப்படியில்லை. கம்பைத் தூக்கினேன், ஒரு கிரேலிங் மீன். தடித்த லைனில் இந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்ததே இல்லை.

குறைகளும் உண்டு. காற்று அடித்தால் மெல்லிய நரம்பு பறக்கும், எறியவே முடியாது. ஈரக் கையில் வழுக்கும். மீன் மேலே வந்து ஈ தின்னத் தொடங்கினால் தண்ணீர்மேல் மிதக்கும் உலர் ஈக்கு மாறுவதும் சிரமம். அகலமான, ஆழமான ஆறுகளில் நான் நின்றது சில நாள்தான். அங்கே எது மேல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கலங்கல் தண்ணீரில் செக் முறைதான். மீனுக்கு ஆள் தெரியாது, கிட்டத்தில் போய் நிற்கலாம். அந்த மாதிரி நாளுக்காகப் பழைய லைன் சுற்றிய ஸ்பூலும் மூன்று கனமான நிம்ஃபும் இன்னும் பையில் இருக்கின்றன.