“எத்தனை காலமாக என் ரசிகர்?” என்று கேட்டு வரும் செய்தி: ஓர் எச்சரிக்கை

வெட்கத்தால் ஏழு மாதங்கள் வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை, அறிவியல் புனைகதைத் தொடர்களையும் அவற்றில் நடித்தவர்களையும் நேசிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இப்போது எழுதுகிறேன். நான் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த ஒரு விண்வெளித் தொடரின் மூத்த நடிகர் என்று சொல்லிக்கொண்டு என்னுடன் பழகிய ஒருவரிடம் என் இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன். உண்மையான நடிகருக்கும் இந்த மோசடிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருடைய பெயரும் முகமும் களவாடப்பட்டவை என்பதால், அவரை இங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

அவருடைய பிறந்தநாளன்று அதிகாரபூர்வப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்த்து எழுதியிருந்தார்கள். என் தந்தை இறந்த ஆண்டில், உறக்கம் வராத இரவுகளில் அந்தத் தொடர்தான் எனக்குத் துணையாக இருந்தது என்று நானும் சற்று நீளமாகவே எழுதினேன். ஒரு மணி நேரத்துக்குள், அதே படமும் அதே பெயரும் கொண்ட ஒரு கணக்கிலிருந்து தனிச்செய்தி வந்தது. “உங்கள் சொற்கள் என் மனத்தைத் தொட்டன. எத்தனை காலமாக என் ரசிகராக இருக்கிறீர்கள்?” என்று அதில் இருந்தது. பெயரின் நடுவே கூடுதலாக ஒரு புள்ளி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்போதிருந்த மகிழ்ச்சியில் எதைத்தான் கவனித்திருப்பேன்?

முதல் பத்து நாட்கள் பணம் பற்றிய பேச்சே வரவில்லை. தந்தையைப் பற்றிக் கேட்டார். எனக்குப் பிடித்த அத்தியாயம் எது, ஏன் என்று கேட்டார். நான் சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு மறுநாள் அதைப் பற்றியே பேசினார். மூன்றாம் நாள், வேறொரு செய்திச் செயலிக்கு வருமாறு அழைத்தார். அதிகாரபூர்வப் பக்கத்தை மேலாண்மை நிறுவனத்தின் ஊழியர்கள் நடத்துவதால், அங்கே மனம்விட்டுப் பேச முடியாது என்பது அவர் சொன்ன காரணம். புகழ்பெற்றவர்களின் பக்கங்கள் பலவற்றைப் பணியாளர்களே நடத்துகிறார்கள் என்பது எனக்குத் தெரியும் என்பதால், அந்தக் காரணம் எனக்கு நியாயமாகப்பட்டது. ஆனால், ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் பேச அஞ்சுகிறவர் எதை மறைக்க விரும்புகிறார் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவு எளிதாக நம்பியவரை அறியாமையில் விழுந்தவர் என்று சிலர் நினைக்கலாம். உண்மையில், அறிவியல் புனைகதை ரசிகர்களின் வரலாற்றை ஓரளவு நன்றாக அறிந்திருந்ததால்தான் நான் நம்பினேன். ஸ்டார் டிரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1966-ல் தொடங்கி 79 அத்தியாயங்களுடன் 1969-ல் முடிந்தது. அதற்கு மூன்றாவது பருவம் கிடைத்ததில் ரசிகர்களின் கடித இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த ரசிகர் மாநாட்டுக்குச் சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்தபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். இந்த உலகத்தில் நடிகருக்கும் ரசிகருக்கும் இடையே உள்ள நெருக்கம் பொய்யான ஒன்றல்ல. இரு இனப் பெற்றோருக்குப் பிறந்ததால் எந்தக் கூட்டத்திலும் சேர முடியாமல் தவித்த ஒரு சிறுமி, அந்தத் தொடரில் மனிதத் தாய்க்கும் வேற்றுக்கிரகத் தந்தைக்கும் பிறந்தவராக வரும் ஸ்பாக் கதாபாத்திரத்துக்கே 1968-ல் கடிதம் எழுதியபோது, ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் ஓர் இளையோர் இதழில் நீண்ட பதில் எழுதினார். அதே தொடரில் விண்கலத்தின் பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹன், தற்கொலை எண்ணத்துடன் தமக்குக் கடிதம் எழுதிய ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து மாநாட்டுக்கு வரச் சொன்னார். அதன்பின் மாநாடுதோறும் அவரைச் சந்தித்து ஊக்கப்படுத்தினார். பல ஆண்டுகள் கழித்து, மின்னணுப் பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டதாக அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் வந்ததை, 1997-ல் வெளியான ஓர் ஆவணப்படத்தில் டூஹன் கண்கலங்கச் சொல்கிறார்.

என்னை ஏமாற்றியவருக்கும் இந்தக் கதைகள் தெரிந்திருந்தன. டூஹனைப் போலத் தாமும் ஒருவருக்காவது உதவிவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு நாள் எழுதினார். அதைப் படித்து நான் அழுதேன். டூஹன் அந்தப் பெண்ணைச் சந்தித்தது நூற்றுக்கணக்கானோர் நடமாடிய மாநாட்டு மண்டபங்களில் என்பதும், நிமோய் பதில் எழுதியது எல்லோரும் படிக்கும் அச்சு இதழில் என்பதும், இரண்டு நிகழ்வுகளிலும் ரசிகரிடமிருந்து ஒரு காசுகூட நடிகரின் கைக்குப் போகவில்லை என்பதும் பணம் போன பிறகே எனக்கு உறைத்தது.

பதினோராம் நாள் ‘ரசிகர் மன்ற உறுப்பினர் அட்டை’ பற்றிய பேச்சு வந்தது. அந்த அட்டை இல்லாத எவரையும் நேரில் சந்திக்கத் தம் பாதுகாவலர்கள் அனுமதிப்பதில்லை என்றார். கட்டணத்தை வங்கி வழியாகச் செலுத்தக் கூடாது, வரிச் சிக்கல் வரும், ஆகவே கிஃப்ட் கார்டுகளை வாங்கி அவற்றின் எண்களைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று ‘மேலாளர்’ ஒருவர் எழுதினார். அனுப்பினேன். பொன்னிற விளிம்பும் வரிசை எண்ணும் நடிகரின் கையொப்பமும் கொண்ட அட்டையின் படம் வந்து சேர்ந்தது. அடுத்து, சந்திப்புக்கு முன் என் பின்னணியைச் சரிபார்க்க ஒரு கட்டணம். அதன்பின், அவர் ஆதரிக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கு நன்கொடை. ஒவ்வொன்றுக்கும் அன்று மாலைக்குள் என்று கெடு இருந்தது. நான் தயங்கியபோதெல்லாம், “என்னை நம்பவில்லையா?” என்ற ஒரே கேள்வி வரும். தந்தையைப் பற்றிச் சொன்னவற்றையெல்லாம் கேட்டிருந்த மனிதரிடம் நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஒரு முறை ஐயம் வந்து காணொலியில் பேச வேண்டும் என்று கேட்டேன். நேரலைக்குப் பதிலாக இருபது விநாடிப் பதிவு ஒன்று வந்தது. அதில் நடிகர் புன்னகையுடன், எல்லா ஆதரவுக்கும் நன்றி, விரைவில் சந்திப்போம் என்றார். என் பெயரைச் சொல்லவில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு நடிகர்கள் தனிப்பட்ட வாழ்த்துக் காணொலி பதிவுசெய்து தரும் கேமியோ போன்ற சேவைகள் உண்டு. அவற்றில் வாங்கும் பதிவை வேறு எதற்கு வேண்டுமானாலும் திருப்பிவிட முடியும். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நடிகர் எலைஜா வுட் உள்ளிட்ட சிலர் அவ்வாறு நல்லெண்ணத்துடன் பேசிக் கொடுத்த காணொலிகள் வெட்டி ஒட்டப்பட்டு, உக்ரைன் அதிபருக்கு எதிரான ரஷ்ய ஆதரவுப் பிரசாரமாக மாற்றப்பட்டதை 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளிப்படுத்தியது. உண்மையான முகம், உண்மையான குரல், உண்மையான சொற்கள் எல்லாம் இருந்தும் ஒரு காணொலி பொய்யாக இருக்க முடியும். செயற்கை நுண்ணறிவின் துணைகூட அதற்குத் தேவையில்லை.

உண்மை தெரியவந்த தருணத்தை என்னால் மறக்க முடியாது. ஒரு ரசிகர் மாநாட்டின் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நடிகர் மேடையில் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் கைப்பேசிக்கு அதே நடிகரிடமிருந்து செய்தி வந்தது: உடல்நலமின்றி மருத்துவமனையில் இருப்பதாகவும், காப்பீட்டுப் பணம் வந்து சேரும்வரை அவசரமாக உதவி தேவை என்றும். திரையில் அவர் யாரோ சொன்னதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, தன் தாய் அவர் பெயரில் ஏமாற்றப்பட்டதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. தாம் எந்த ரசிகருக்கும் தனிச்செய்தி அனுப்புவதில்லை என்றும், யாரிடமும் பணம் கேட்டதில்லை என்றும், மாதந்தோறும் இப்படிப்பட்ட கணக்குகள் மீது புகாரளித்துக் களைத்துவிட்டதாகவும் சொன்னார். அந்தத் தாயிடம் தாமே மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாகவும் சொன்னார். செய்யாத குற்றத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டதைப் பார்த்தபோது, பணம் போனதைவிட அதிகமாக வலித்தது.

அதன்பின் நான் நீண்ட நாள் யோசித்தது, நடிகர்கள் தங்கள் மீது குவியும் அன்பை எப்படித் தாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றித்தான். அது எளிதல்ல என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். நிமோய் 1975-ல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு ‘நான் ஸ்பாக் அல்ல’ என்று பெயரிட்டார். அந்தத் தலைப்பு ரசிகர்களைப் புண்படுத்தியதை உணர்ந்து, 1995-ல் எழுதிய அடுத்த நூலுக்கு ‘நான் ஸ்பாக்’ என்றே பெயர் வைத்தார். அந்த இரண்டு தலைப்புகளுக்கும் இடையே இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தை நூறு முறைக்கு மேல் பார்த்ததாகச் சொன்ன ஒரு சிறுவனிடம், இனி அதைப் பார்க்க மாட்டேன் என்று உறுதி தருமாறு அதில் நடித்த அலெக் கின்னஸ் கேட்டதையும், சிறுவன் அழுததையும், அவரே 1999-ல் வெளியான தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். ஸ்டார் டிரெக்கில் கேப்டன் கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 1986-ல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் காட்சியில் ரசிகர்களைக் கடிந்துகொண்டார். பின்னர், மாநாடுகளுக்கு வருபவர்களை அறிந்துகொள்ளவே முயன்று ஒரு நூல் எழுதினார். ஸ்டார் வார்ஸில் இளவரசி லேயாவாக நடித்த கேரி ஃபிஷர், பணம் பெற்றுக்கொண்டு கையொப்பமிடுவதில் தமக்கிருந்த கூச்சத்தை 2016-ல் வெளியான நூலில் ஒளிக்காமல் சொன்னார்.

இவர்கள் எல்லோரும் கடைசியில் ஏதோ ஒரு வகை இடைவெளியை வைத்துக்கொண்டார்கள். மாநாட்டில் வரிசை உண்டு, அனுமதிச்சீட்டு உண்டு, மேசைக்கு அருகில் நின்று வரிசையை நகர்த்தும் உதவியாளர் உண்டு. ஒருவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம். அந்த வேலியைப் பல ஆண்டுகள் நான் அன்பில்லாத வணிகமாகவே பார்த்தேன். இப்போது அப்படிப் பார்க்கவில்லை. ஆயிரம் பேரின் துயரத்தையும் தனித்தனியாகச் சுமக்க எந்த மனிதராலும் முடியாது; விலையும் நேரமும் வெளிப்படையாக எழுதப்பட்ட அந்த வரிசை, தம்மால் எவ்வளவு தர முடியும் என்பதை நடிகர் நேர்மையாகச் சொல்லும் இடம். அந்த வேலியைத் தாண்டி உள்ளே அழைத்துச் செல்கிறேன் என்று என்னிடம் வந்தவர் நடிகர் அல்ல, திருடர்.

கையொப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உறுப்பினர் அட்டையில் இருந்த கையொப்பத்தை, இணையத்தில் விற்பனைக்கு இருந்த ஒரு புகைப்படத்தின் கையொப்பத்தின் மீது வைத்துப் பார்த்தேன். கோட்டுக்குக் கோடு பொருந்தியது. ஒரே மனிதர் இரண்டு முறை கையால் இடும் கையொப்பங்கள் அப்படித் துல்லியமாகப் பொருந்துவதில்லை. பொருந்தினால் அது நகல், அல்லது இயந்திரம் இட்டது. தம் பெயரில் உலவும் போலிக் கையொப்பங்களைக் கண்டு வருந்திய ஸ்டார் வார்ஸ் நடிகர் மார்க் ஹாமில், ரசிகர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்து எது தம்முடையது, எது அல்ல என்று சமூக வலைதளத்தில் பொறுமையாகச் சொல்லிவந்தார். கலிபோர்னியாவில் கையொப்பமிட்ட பொருட்களை விற்பவர்கள் நம்பகச் சான்றிதழ் தர வேண்டும் என்று 2017-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்துக்கும் அவருடைய முறையீடு ஒரு தூண்டுகோலாக இருந்தது. ஆனால் சான்றிதழும் ஒரு தாள்தான். அதை வழங்கியவர் யார் என்று தெரியாதவரை அதற்கு மதிப்பில்லை.

பணத்தைத் திரும்பப் பெற நான் எடுத்த முயற்சிகளை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கார்டு எண்களை அனுப்பிய சில நிமிடங்களிலேயே தொகை முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டதாகக் கார்டு நிறுவனம் தெரிவித்தது. காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் கொடுத்த புகார் பதிவாகியிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்து வந்ததுதான் முக்கியம்: நான் ஏமாந்ததைப் பற்றி ஒரு ரசிகர் குழுவில் எழுதிய இரண்டாம் நாள், இழந்த பணத்தை மீட்டுத் தருவதாக ‘இணையப் புலனாய்வாளர்’ ஒருவர் தொடர்புகொண்டார். முன்கட்டணம் கேட்டார்; அதுவும் கிஃப்ட் கார்டாகவே. ஒரு முறை ஏமாந்தவரைத் தேடி இரண்டாவது ஆள் வருவது வழக்கம் என்பதை அறிந்திருங்கள்.

உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால், பதில் எழுதுவதற்கு முன் நடிகரின் அதிகாரபூர்வ இணையதளத்துக்கு நீங்களே போய், அங்கே தரப்பட்டுள்ள கணக்குகளுடன் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அவர் வரும் மாநாட்டின் அனுமதிச்சீட்டை மாநாட்டின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். கிஃப்ட் கார்டு எண்ணை யார் கேட்டாலும், அது எந்தக் காரணத்துக்காக இருந்தாலும், அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். உங்கள் வீட்டில் வயதானவர்களோ அண்மையில் யாரையாவது இழந்தவர்களோ இப்படி ஒரு நடிகருடன் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னால், தயவுசெய்து சிரிக்காதீர்கள். சிரிப்பார்களே என்ற அச்சத்தால்தான் நான் என் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் வாரத்திலேயே சொல்லியிருந்தால் ஒரு காசும் போயிருக்காது.

நான் புகாரளித்த கணக்கு நீக்கப்பட்டது. நான்கு நாட்களில் அதே படத்துடன், புள்ளிக்குப் பதில் அடிக்கோடு இட்ட பெயரில் இன்னொன்று முளைத்தது. கடந்த வாரம், தாயை இழந்ததைப் பற்றி அதிகாரபூர்வப் பக்கத்தில் எழுதியிருந்த ஓர் இளைஞருக்குக் கீழே, “எத்தனை காலமாக என் ரசிகராக இருக்கிறீர்கள்?” என்று அந்தக் கணக்கு கேட்டிருந்தது. நான் உடனே அந்த இளைஞருக்கு எழுதினேன். செயலி மாறச் சொல்லி ஏற்கெனவே அழைப்பு வந்துவிட்டது, ஆனால் இன்னும் மாறவில்லை என்று பதில் வந்தது.