காயில் சுற்றலாமா, டி.எஸ்.பி. வாங்கலாமா?

கார் ஆடியோவில் பாட்டின் கனத்த ஒலியையும் கீச்சு ஒலியையும் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவதுதான் கிராஸ்ஓவர். காயில் (சுற்றிய செம்புக் கம்பி), கெபாசிட்டர் வைத்துக் கட்டினால் பாசிவ்; அதே வேலையைச் சிப்பில் கணக்குப் போட்டுச் செய்யும் பெட்டி டி.எஸ்.பி. என் பழைய ஹேட்ச்பேக்கில் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டேன். முதல் எட்டு மாதம் நானே செய்த பாசிவ் கிராஸ்ஓவர், இப்போது ஒன்றரை வருடமாக டி.எஸ்.பி. முன்கதவில் இருக்கும் ஆறரை இன்ச் மிட்பாஸ் (கனத்த, நடுத்தர ஒலிக்கான ஸ்பீக்கர்) அன்று முதல் அதேதான். கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மட்டும் இடையில் மாறியது. நான் கட்சி மாறியதும் அதனால்தான்.

காசு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாசிவ் மலிவு. இரண்டு சேனல் ஆம்ப் போதும், காயிலும் கெபாசிட்டரும் எனக்கு 4,000 ரூபாய்க்குள் முடிந்தன. டி.எஸ்.பி. என்றால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி சேனல் வேண்டும். ஆம்ப்போடு சேர்ந்தே வரும் ஒன்றை வாங்கினேன், ஏறக்குறைய ஏழு மடங்கு ஆயிற்று. ஆழ்ந்த பாஸுக்கான பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரை பாசிவில் பிரிக்கும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 4 ஓம் சப்பை 80 ஹெர்ட்ஸில் பிரிக்க 8 மில்லிஹென்றி காயில் தேவைப்படும். அவ்வளவு செம்புக் கம்பியைச் சுற்றி முடித்தால் கையில் ஒரு தேங்காய் கனக்கும்.

பாசிவ் கட்டும் சுகம் தனி, அதை மறுக்க மாட்டேன். 3,500 ஹெர்ட்ஸ், 4 ஓம், 12 டெசிபல் லிங்க்விட்ஸ்–ரைலி (ஒருவகை கிராஸ்ஓவர் வடிவமைப்பு) என்று கணக்குப் போட்டால் 5.7 மைக்ரோஃபாராட், 0.36 மில்லிஹென்றி வரும். கம்பியைச் சுற்றி, காயிலின் அளவைக் காட்டும் எல்.சி.ஆர். மீட்டரில் பார்த்து, ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி அளவுக்குக் கொண்டுவருவேன். இரண்டு காயிலையும் பக்கத்தில் ஒரே வாக்கில் வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறிவிடும் என்பதால் ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதை நிறுத்தி ஒட்டினேன். ஆனால் இந்த 4 ஓம் என்பது பெட்டியில் அச்சடித்த எண்தான். மல்டிமீட்டரில் என் மிட்பாஸ் 3.4 ஓம் காட்டியது. பாட்டு ஓடும்போது அதிர்வெண் ஏற ஏற இம்பீடன்ஸும், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பும், ஏறிக்கொண்டே போகும். அதை அடக்க 4.3 ஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாராட் கெபாசிட்டரும் சேர்ந்த ஒரு ஜோபெல் சர்க்யூட் தனியாக. ஆக, அந்த போர்டு அந்த ஸ்பீக்கருக்கு மட்டுமே தைத்த சட்டை.

எட்டாவது மாதம் இடப்பக்க ட்வீட்டர் போயிற்று. அதே மாடல் கடையில் இல்லை. வேறொரு ஜோடி வாங்கி மாட்டினால் குரலெல்லாம் காதைக் குத்துகிறது. புது ட்வீட்டர் 3 டெசிபல் சத்தம் கூட. குறைக்க 1.2 ஓம் தொடரில், 10 ஓம் இணையாக என்று ரெசிஸ்டர் வைத்தேன். அப்புறம் இதன் இம்பீடன்ஸும் வேறு என்பதால் பிரியும் இடமே நகர்ந்திருந்தது. மறுபடி காயில், மறுபடி கெபாசிட்டர். போர்டுகளை டோர் பேடுக்குப் பின்னால் வைத்தது என் முட்டாள்தனம், மழைத் தண்ணீர் இறங்கும் இடம் அது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பேடைக் கழற்றி மாட்டியதில் கிளிப்பில் பாதி உடைந்தது. இன்றும் மேடு பள்ளத்தில் வலது கதவு கடகடக்கும்.

டி.எஸ்.பி.யில் இந்த மூன்று ஞாயிறும் பத்து நிமிடம். மடியில் லேப்டாப், தலைக்குப் பக்கத்தில் மைக், ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச மென்பொருளில் பிங்க் நாய்ஸ். ட்வீட்டரை 3 டெசிபல் இறக்கு, 3,500-ஐ 3,800 ஆக்கு, கேள். பிடிக்கவில்லையா, பழையபடி வை. பாசிவில் முடியவே முடியாத ஒன்றும் இதில் உண்டு. நம் ஊர் வண்டியில் ஓட்டுபவர் வலப்பக்கம் இருப்பதால் என் காதுக்கு இடது ட்வீட்டர் 50 சென்டிமீட்டர் கூடுதல் தூரம். வலதை 1.45 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தியதும் பாடகர் கதவை விட்டு டேஷ்போர்டு நடுவுக்கு வந்துவிட்டார். நாளை வண்டியை விற்றாலும் டி.எஸ்.பி.யைக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டி, புதிதாக ட்யூன் செய்துகொள்ளலாம்.

ஆபத்தும் இதில்தான் அதிகம். சேனலை மாற்றிக் கொடுத்து ட்வீட்டருக்கு முழு பாஸையும் அனுப்பிவிட்டால் ஒரு நொடி போதும், ஆள் காலி. அதனால் ஒவ்வொரு ட்வீட்டருக்கும் தொடரில் 47 மைக்ரோஃபாராட் கெபாசிட்டர் வைத்திருக்கிறேன். 4 ஓமில் அது 850 ஹெர்ட்ஸுக்குக் கீழே வருவதைக் குறைத்துவிடும்; கிராஸ்ஓவரிலிருந்து இரண்டு ஆக்டேவ் (ஒரு ஆக்டேவ் என்றால் அதிர்வெண் பாதியாவது) தள்ளி இருப்பதால் ட்யூனிங்கைப் பெரிதாகத் தொடாது. எர்த் சரியில்லை என்றால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ‘ங்கீ’ சத்தமும் வரும். எனக்கு வந்தது, பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் எர்த் கொடுத்ததும் போயிற்று. மிட்ரேஞ்சும் சேர்ந்த மூன்று வழி செட்டை நான் கட்டியதில்லை, அதனால் என் பேச்சை இரண்டு வழிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, யார் கேட்டாலும் டி.எஸ்.பி. என்பேன். கார் ஆடியோ மாட்டித் தரும் இன்ஸ்டாலர் ஆக ஆசைப்படும் அக்கா மகனுக்கு மட்டும் வேறு பதில் சொன்னேன். “மாமா, டி.எஸ்.பி. ட்யூனிங் மட்டும் கத்துக்கிட்டா போதாதா?” என்றான். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கென்றே எம்.இ.சி.பி. சான்றிதழ் இருக்கிறது, அதன் அடிப்படையே ஓம் விதி, வயர் கனம், ஃபியூஸ் என்று மின்சாரம்தான். நம்மூரில் கடைக்கு வருகிறவர்கள் சான்றிதழ் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் பாட்டரியிலிருந்து 18 இன்ச்சுக்குள் மெயின் ஃபியூஸ் ஏன் என்று சொல்லத் தெரியாதவனிடம் நானே என் வண்டியைக் கொடுக்க மாட்டேன். என் பழைய போர்டு இரண்டையும் அவனிடம் கொடுத்து, சாலிடரை உருக்கிக் கழற்றி முதலிலிருந்து கட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு காயில் முடிந்திருக்கிறது.