விசிறி உள்ளே இருக்கலாமா, வெளியே இருக்கலாமா?

பழையாறு, முத்துப்பேட்டைப் பக்கம் சின்னப் படகு வாங்க நினைப்பவர்கள் ஜெட் படகா, அவுட்போர்டா (பின்புறம் வெளியே மாட்டும், விசிறி தண்ணீரில் தெரியும் இன்ஜின்) என்று கேட்கிறார்கள். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். ஓட்டுவதற்கு ஜெட் ஜாலி, வைத்துப் பிழைக்க அவுட்போர்டு.

ஜெட் படகில் விசிறி வெளியே துருத்தாது. அடியிலுள்ள கம்பித் தடுப்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். 1950-களில் நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன் இதை உருவாக்கியதே ஆழமில்லாத ஆறுகளில் போகத்தான். அப்படியானால் வத்தத்தில் (கடல் நீர் இறங்கும் நேரத்தில்) முழங்கால் தண்ணீர் நிற்கும் நம் முகத்துவாரத்துக்கு இதுதானே சரி? அங்கேதான் ஏமாந்தேன். ஐப்பசி மழைக்கு வாய்க்கால்கள் தள்ளிவிடும் ஆகாயத்தாமரை முகத்துவாரம் வரை மிதந்து வருகிறது. அதில் ஒரு கொத்து வேர் தடுப்பில் ஒட்டினால் போதும், இன்ஜின் அலறும், படகு நகராது. மணலை உறிஞ்சினாலோ உள்விசிறியும் அதைச் சுற்றிய வளையமும் தேய்ந்து இழுவை போய்விடும். அதனால் மூன்றடித் தண்ணீர் வரை தள்ளிக்கொண்டு போய்த்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அடைப்பெடுக்கக் கைவிடும் முன் இன்ஜினை அணைத்து, சாவியையும், ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் மணிக்கட்டுக் கயிற்றையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவுட்போர்டில் இந்தக் கூத்தே இல்லை. அணைத்து, தூக்கிச் சாய்த்து, படகில் உட்கார்ந்தபடியே உருவி எறியலாம்.

குளிக்கிறவர்கள் இருக்கும் துறையில் மட்டும் ஜெட்டுக்கு என் ஓட்டு. வெட்டும் விசிறி இலை வெளியே இல்லை. ஆனாலும் நீளமுடியும் தொங்கும் கயிறும் உறிஞ்சுவாய்ப் பக்கம் போகக் கூடாது, பின்னால் பீய்ச்சும் நீரின் எதிரே யாரும் நிற்கவும் கூடாது.

திருப்புவதுதான் பெரிய வித்தியாசம். முதல் வாரம் துறைக்கல்லை நோக்கிப் போகையில் பயந்து ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்தேன். படகு சட்டை செய்யாமல் நேரே போய் முட்டியது, முன்பக்க ஃபைபரில் ஒரு கையகலம் பெயர்ந்தது. ஜெட்டில் பீய்ச்சும் நீர்தான் சுக்கான், அது நின்றால் திருப்பமும் இல்லை. தப்ப வேண்டுமானால் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தே திருப்ப வேண்டும். பயந்த கை அதைச் செய்யப் பழகச் சில நாள் ஆகும். அவுட்போர்டில் வேகத்தை விட்டாலும் தண்ணீருக்குள் இருக்கும் அதன் கால் ஓரளவு திருப்பிக் கொடுக்கும்.

அப்புறம், கரைக்கு வந்ததும் கழுவும் வேலை. உப்புத் தண்ணீரில் போய்வந்தால் இரண்டுக்கும் நல்ல தண்ணீர் உள்ளே ஓட வேண்டும், ஆனால் வரிசை தலைகீழ். அவுட்போர்டில் காதுமூடி மாதிரியான கப்பை மாட்டி ஓடவிட்டுக் கழுவும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். வறட்சியாக ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் பம்பு கருகிவிடும். பெரும்பாலான ஜெட்டில் முதலில் இன்ஜின், பிறகு குழாய். நிறுத்தும்போது முதலில் குழாய், பிறகு இன்ஜின். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். வாங்கும் மாடலின் கையேட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் வீட்டுக் குழாயடிச் சுவரில் இரண்டு வரிசையையும் கரியால் எழுதி வைத்திருந்தேன். மழையில் அழிந்தால் மறுபடி எழுதுவேன்.