கொச்சிக்கடையில் வாங்கிய கயிற்றுச் செபமாலை: நாலு மாதப் பாவனைக்குப் பிறகு

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் பக்கத்தில் மெழுகுதிரி, மாலை, சுரூபம் எல்லாம் விற்கும் கடைகள் இருக்குமே, அதில் ஒன்றில்தான் இதை வாங்கினேன். மரமணி, கறுப்பு நூல் கயிறு, சின்ன மரச் சிலுவை. 450 ரூபா. நாலு மாதமாக ஒரு நாளும் விடாமல் இதில் செபித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

இதற்கு முன் வைத்திருந்தது வேறொரு கடையில் வாங்கிய கண்ணாடிமணிச் செபமாலை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மெல்லிய கம்பியில் கோத்திருந்தார்கள். மூன்றாவது கிழமையே பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது பையின் சிப்பில் மாட்டி அறுந்து மணிகள் எல்லாம் கால்களுக்கு நடுவே உருண்டோடிவிட்டன, முன்னால் இருந்த சிங்கள அம்மா ஒருவர் குனிந்து பொறுக்கித் தந்தார். வீட்டில் பீடத்தில் வைக்கக் கண்ணாடி சரி. தினமும் வழியில் சொல்ல வேண்டும் என்றால் கயிறுதான்.

மரமணி விரலுக்கு நன்றாகத் தெரிகிறது. பெரிய மணிக்கு முன்னும் பின்னும் முடிச்சு இருப்பதால், கண்ணைத் திறக்காமலே, ஏன் கால்சட்டைப் பைக்குள்ளேயே, ஒரு பத்து (பத்துச் சின்ன மணி, மணிக்கு ஒரு "அருள் நிறைந்த மரியே" செபம்) முடிந்ததை அறியலாம். கொட்டாஞ்சேனையில் ஏறினால் கொள்ளுப்பிட்டியில் இறங்குவதற்குள் 53 மணியும் முடிந்துவிடும். வாகன நெரிசல் என்றால் கடைசியில் சொல்லும் மாதா மன்றாட்டுமாலையும் சேரும்.

குறை இரண்டு. முதல் மாதம் வேர்வையில் கயிற்றின் சாயம் விரலில் ஒட்டியது, ஒரு தடவை தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகு நின்றுவிட்டது. மற்றது, கூடவே தரும் தமிழ்த் துண்டுப்பிரசுரம். அதில் மகிழ்ச்சி, துயரம், மகிமை என்று பதினைந்து மறைபொருள்கள்தான் (ஒவ்வொரு பத்திலும் தியானிக்கும் இயேசு, மரியாவின் வாழ்க்கை நிகழ்வுகள்) இருக்கின்றன. ஒளியின் மறைபொருள்கள் ஐந்தையும் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 2002-இலேயே சேர்த்துவிட்டார், இன்னும் பழைய அச்சையே மடித்து வைக்கிறார்கள். புதிதாகச் செபமாலை சொல்லத் தொடங்கும் பிள்ளை, ஒளியின் மறைபொருள்களுக்குரிய வியாழக்கிழமை என்ன செய்யும்? கடைக்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது இதுதான். முன்பெல்லாம் நான் செபிப்பது தேவை வரும்போது. பரீட்சை, வேலை, அம்மாவின் ஆஸ்பத்திரி. அப்போது என்ன கேட்பது என்பதை நான்தான் தீர்மானிப்பேன். தினமும் செபமாலை சொல்லத் தொடங்கியபோது அது மாறிவிட்டது, ஏனென்றால் இன்று எதைத் தியானிக்க வேண்டும் என்பதைக் கிழமைநாள் தீர்மானிக்கிறது. திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம். திங்கட்கிழமை இரண்டாவது பத்தில் மரியா, கருவுற்றிருந்த தன் உறவினர் எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். போய் ஏறக்குறைய மூன்று மாதம் கூட இருக்கிறார். வத்தளையில் எங்கள் பெரியம்மா கண் ஒப்பரேஷன் செய்து தனியாக இருந்தார், நான் மாதாமாதம் காசு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தேன். முதல் திங்கள் அந்தப் பத்தில் அவருடைய முகம் வந்தது, தள்ளிவிட்டேன். அடுத்த திங்களும் அதே இடத்தில் வந்தது. மூன்றாவது திங்கள் அந்தப் பத்து மணியையும் என்னால் சொல்லி முடிக்கவே முடியவில்லை, ஒவ்வொரு "வாழ்க"வும் நெஞ்சில் இடித்தது. அன்று பின்னேரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே வத்தளைக்கு பஸ் ஏறினேன். பெரியம்மா கதவைத் திறந்து, யார் என்று தெரியாமல், குரலைக் கேட்டபிறகுதான் "நீயா மோனை" என்றார். இப்போது ஒவ்வொரு சனியும் போகிறேன், இருவரும் சேர்ந்தே சொல்கிறோம். அவர் இன்னும் அதே செபத்தின் பழைய வடிவமான "பிரியதத்தம்" சொல்வார், நான் "அருள் நிறைந்த மரியே" சொல்வேன், இடையில் முட்டிக்கொண்டாலும் நிறுத்துவதில்லை.

அவசரத்துக்கு மட்டும் செபித்திருந்தால் நான் அந்தப் படலையைத் திறந்திருக்க மாட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் வழிபாட்டுக்கு வரும் கூட்டத்தில் நின்று பார்த்து வாங்க இயலாது, வேறு நாளில் காலையில் போங்கள். முடிச்சை இழுத்துப் பாருங்கள். மணிகளை எண்ணுங்கள், சின்னது 53, பெரியது 6, மொத்தம் 59 இருக்க வேண்டும். ஒரு பத்தில் ஒன்பதே மணி கோத்த மாலையை நான் கையில் எடுத்திருக்கிறேன். பூசை முடிந்ததும் பாதரிடம் கொடுத்து மந்திரித்து வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் பாவியுங்கள்.

போன கிழமை பெரியம்மாவுக்கும் ஒன்று வாங்கினேன், கண் மங்கல் என்பதால் கொஞ்சம் பெரிய மணியாகப் பார்த்து. கடையிலேயே நின்று எண்ணினேன். 59 சரியாக இருந்தது.