நெம்மேலித் தண்ணீர் எப்படி இருக்கிறது?

சென்னை திருவான்மியூரில் எங்கள் குடியிருப்புக்கு வருவது பெரும்பாலும் தெற்கே கடலோரத்தில் உள்ள நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கி அனுப்பும் தண்ணீர்தான். அங்கே நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் ஆலை 2013இல் ஓடத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் 15 கோடி லிட்டர் ஆலை ஒன்றும் சேர்ந்துகொண்டது.

ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது, கரிக்குமா என்றுதான். கரிக்காது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பெரும் அழுத்தத்தில் அதைச் சவ்வுக்குள் செலுத்தும்போது தண்ணீர் மட்டும் ஊடுருவுகிறது. உப்பு ஏறக்குறைய முழுவதும் பின்தங்கிவிடுகிறது. கிணற்று நீர் குடித்து வளர்ந்த நாக்குக்கு இது சற்றுச் சப்பென்றிருக்கும். என் மாமியார் இன்றும் "ருசியே இல்லை" என்பார். காபியைக் குடிக்கும்போது மட்டும் அந்தப் பேச்சு வராது.

இதன் அருமை அடுக்களையில்தான் தெரியும். போர் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விதை விதையாக நிற்கும். இதில் வெண்ணெயாய் மசிகிறது. சோப்பு நுரைக்கிறது. ஹீட்டர் கம்பியில் வெள்ளை ஓடு கட்டுவதில்லை.

கெடுப்பது சம்ப், அதாவது குடியிருப்பின் தரையடித் தொட்டி. கோடையில் வரத்து குறைந்தால் அதே தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிவிடுகிறார்கள். பிறகு குழாய்முனையில் சுண்ணாம்புத் திட்டு படிந்ததும் பழி கடல்நீர் மீது விழுகிறது. தனித் தொட்டி கட்டச் சொல்லிக் குடியிருப்போர் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் பேசுகிறேன். வண்ணம் பூசுவதற்குத்தான் பணம் கிடைக்கிறது.

அதே போலச் சவ்வு வழியே வடிகட்டும் வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தைக் கழற்றிவிட்டோம். ஆலையில் ஏற்கெனவே ஆர்.ஓ. கண்ட தண்ணீரை மறுபடியும் வடிகட்டி, குடிப்பதைவிட அதிகமாகச் சாக்கடையில் விடுவது வீண். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள்: இந்தியத் தரநிலை ஏற்கும் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் காய்ச்சிக் குடித்தாலே போதும். கலப்படச் சம்ப் என்றால் கதை வேறு.

மலிவான தண்ணீர் என்று நினைக்க வேண்டாம். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். எடுக்கும் கடல்நீரில் பாதிக்கு மேல் கூடுதல் உப்போடு கடலுக்கே திரும்புகிறது. ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிப்பைப் பற்றி முறையிட்டிருக்கிறார்கள். ஏரிகள் வறண்ட 2019 கோடையிலும் இந்தத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது என்பதால் எனக்குப் புகார் சொல்ல வாய் வரவில்லை. கார் கழுவ இதைத் திறந்துவிடுகிறவர்களைக் கண்டால் மட்டும் வருகிறது.